தமிழ் வீட்டில் பிறந்து கன்னட மேடையைச் சிரிக்க வைத்த கைலாசம்

பெங்களூரில் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் கன்னட நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் கைலாசம் என்ற பெயர் வந்து விழுவதைப் பலர் கேட்டிருக்கலாம். அந்தப் பெயர் வந்ததுமே பேசுகிறவர்கள் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். ஒருவர் ஏதோ ஒரு நாடக வசனத்தை எடுத்துவிடுவார். இன்னொருவர் ஒரு பாட்டை முணுமுணுப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் தமிழருக்கு, பெயர் நம் பக்கத்துப் பெயராக இருக்கிறதே என்று தோன்றும்.

தோன்றுவது சரிதான். கன்னட நகைச்சுவை நாடகத்தின் முப்பாட்டனார் என்ற பொருளில் பிரஹசனப் பிரபிதாமகர் என்று கன்னட மக்கள் கொண்டாடும் டி.பி.கைலாசம், வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். கல்லையும் மண்ணையும் ஆராயப் படித்தவர். நல்ல சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டு நாடகத்துக்குப் போனவர். ஊரைச் சிரிக்க வைத்த அந்த மனிதரின் சொந்த வாழ்க்கையில் சிரிப்பு குறைவு.

நீதிபதி வீட்டுப் பிள்ளை

தியாகராஜ பரமசிவ கைலாசம் 1884-ம் ஆண்டு மைசூர் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை பரமசிவ ஐயர் மைசூர் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தவர். தந்தையின் சகோதரர் சதாசிவ ஐயரோ சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி. குடும்பமே சட்டமும் படிப்பும் நிறைந்த குடும்பம். பரமசிவ ஐயர் வெறும் நீதிபதி மட்டுமல்ல. ஆராய்ச்சிப் பித்து உள்ளவர். இராமாயணத்து இலங்கை தெற்கே கடலுக்கு அப்பால் இல்லை, மத்திய இந்தியாவில்தான் இருந்தது என்று வாதாடி 1940-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஊர் ஒப்புக்கொள்ளுமா என்று பார்க்காமல், தனக்குப் பட்டதைச் சொல்லும் குணம் மகனுக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளையிடம் பெரியவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நன்றாகப் படிக்க வேண்டும், பெரிய பதவிக்கு வர வேண்டும். கைலாசமும் முதலில் அந்த வழியில்தான் நடந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் மண்ணியல் படித்தார். அரசு உதவித்தொகை பெற்று லண்டன் சென்று, ராயல் காலேஜ் ஆஃப் சயின்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கப்பலேறிப் போய்ப் படித்து வருவது ஊரே வழியனுப்பும் காரியம்.

லண்டனில் கற்றது

சுமார் ஆறு ஆண்டுகள் அவர் இங்கிலாந்தில் இருந்தார். பாடத்தில் கெட்டிக்காரர். உடற்பயிற்சியிலும் விளையாட்டிலும் ஆர்வம் உள்ளவர். ஆனால் கல்லூரிக்கு வெளியே அவரைப் பிடித்து இழுத்தது நாடகக் கொட்டகை.

அன்றைய லண்டனில் பலவகை நாடகங்கள் நடந்தன. ஒரு பக்கம் பெர்னார்ட் ஷா போன்றவர்கள் வீட்டுக்குள் நடக்கும் பிரச்சினைகளை அப்படியே மேடையில் கொண்டுவந்து காட்டினார்கள். அங்கே ராஜா இல்லை, ராணி இல்லை. சாதாரண மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள். இன்னொரு பக்கம் மியூசிக் ஹால் என்ற கேளிக்கை அரங்குகள். அங்கே ஒருவர் மேடைக்கு வந்து வேடிக்கைப் பாட்டு ஒன்றைப் பாடுவார். இரண்டாம் அடி முடிவதற்குள் கூடியிருக்கும் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த இரண்டையும் கைலாசம் மனத்தில் வாங்கிக்கொண்டார். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. 1915-ல் அவர் தாயகம் திரும்பினார். பெட்டியில் மண்ணியல் பட்டம் இருந்தது. தலைக்குள் நாடகமும் பாட்டும் இருந்தன.

மைசூர் அரசின் மண்ணியல் துறை 1894-ல் ஏற்பட்டது. தங்க வயல் உள்ள சமஸ்தானத்தில் அந்தத் துறைக்கு நல்ல மதிப்பு. கைலாசத்துக்கு அதில் உத்தியோகம் கிடைத்தது. மாதச் சம்பளம், அந்தஸ்து எல்லாம் இருந்தன. ஆனால் சில ஆண்டுகளே அவர் அதில் நிலைத்தார். பிறகு வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் நிலையான சம்பளம் என்ற ஒன்றை அவர் கண்டதில்லை.

அன்றைய மேடை

கைலாசம் என்ன மாற்றம் செய்தார் என்பது தெரிய வேண்டுமானால், அவருக்கு முன்பிருந்த மேடையைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதல்ல. கன்னடத்திலும் அதே கம்பெனி நாடகங்கள்தான். கைலாசம் பிறந்த அதே 1884-ல்தான் புகழ்பெற்ற குப்பி நாடகக் கம்பெனி தொடங்கியது. மைசூரில் வரதாச்சார் என்ற மாபெரும் நடிகர் தம் பாட்டாலும் நடிப்பாலும் மக்களைக் கட்டிப்போட்டார்.

கம்பெனி நாடகம் என்றால் புராணக் கதை, ஜரிகை உடை, வர்ணத் திரைகள், விடிய விடியப் பாட்டு. சாகப் போகிறவர்கூட ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் சாவார். சபையில் ஒருவர் மறுபடியும் பாடச் சொன்னால், செத்தவர் எழுந்து பாடிவிட்டு மறுபடி சாவார். பாட்டு பிரமாதமாக இருக்கும். ஆனால் பார்க்கிறவரின் வீடும் தெருவும் அங்கே வராது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அமெச்சூர் நாடகம். பகலில் வக்கீல், வாத்தியார், குமாஸ்தா; மாலையில் நடிகர். சம்பளத்துக்காக அல்ல, ஆசைக்காக நடிப்பவர்கள். இதில் தமிழ் மேடைக்கும் கன்னடப் பிரதேசத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லு குழுவினர் சென்னையில் நடத்திய தெலுங்கு நாடகங்களைப் பார்த்துத்தான், பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பல்லாரி இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. பெங்களூரிலும் 1909-ல் அமெச்சூர் டிராமடிக் அசோசியேஷன் ஏற்பட்டது. இந்த ஓடையில்தான் கைலாசம் இறங்கினார்.

பொக்கும் கெட்டியும்

1918-ல் வந்த அவருடைய நாடகம் 'டொள்ளு கட்டி'. நம் மொழியில் பொக்கும் கெட்டியும் என்று சொல்லலாம். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் புத்தகத்தை உருப்போட்டு மார்க் வாங்குகிறவன். தந்தைக்கு அவன்தான் கண்மணி. மற்றவன் படிப்பில் மந்தம். ஆனால் நோயாளித் தாய்க்குப் பணிவிடை செய்கிறவன். வீட்டுக்கு ஆபத்து வரும்போது யார் பொக்கு, யார் கெட்டி என்பது வெளிப்படுகிறது.

லண்டன் வரை போய்ப் பட்டம் வாங்கிய ஒருவர் இதை எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பைக் கேலி செய்வது அவர் நோக்கமல்ல. படிப்பு மட்டும் மனிதனை அளக்கும் படியாகிவிட்டதே என்பதுதான் அவர் கவலை. பரீட்சை முடிவு வரும் மாதத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இந்த நாடகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதன் பிறகு நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'பண்ட்வாள்வில்லத படாயி' கையில் முதல் இல்லாமல் ஜம்பம் அடிக்கும் ஒரு வக்கீலின் கதை. 'தாளி கட்டோக்கே கூலினே' தாலி கட்டுவதற்குக் கூலி வேறா என்று தலைப்பிலேயே வரதட்சிணையைக் குத்துகிறது. 'போலி கிட்டி' போக்கிரி என்று ஒதுக்கப்பட்ட பையன் சாரணர் இயக்கத்தில் சேர்ந்து பிறருக்கு உதவுகிறவனாக மாறுவதைக் காட்டுகிறது. 'ஹோம் ரூலு', 'அம்மாவ்ர கண்ட' ஆகியவை வீட்டுக்குள் யார் ராஜ்யம் நடக்கிறது என்பதை வைத்துச் சிரிக்க வைத்தவை. 'நம் கம்பெனி'யில் பழைய கம்பெனி நாடகத்தையே கேலிக்கு எடுத்துக்கொண்டார். 'பஹிஷ்கார', 'சூளே' போன்றவற்றில் சிரிப்பு கசப்பாக மாறிவிடுகிறது. ஜாதிக் கட்டுப்பாடு ஒரு குடும்பத்தை எப்படி நசுக்குகிறது, ஒதுக்கப்பட்ட பெண்ணின் நிலை என்ன என்று கேட்ட நாடகங்கள் அவை.

நடிப்பதற்கு எளிது

இந்த நாடகங்கள் அமெச்சூர் குழுக்களின் கையில் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டன? காரணம் மிகவும் எளிது. பெரும்பாலான நாடகங்களுக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கூடம் போதும். நான்கு நாற்காலி, ஒரு மேஜை, சுவரில் ஒரு காலண்டர். ஜரிகை உடை வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஆபீசுக்குப் போட்டுவந்த கோட்டே வேஷம். பாத்திரங்கள் அதிகமில்லை. விடிய விடிய நடக்கும் கதையும் இல்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் பிடித்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பேச்சு. அதுவரை மேடையில் ஒலித்தது ஏட்டுக் கன்னடம். கைலாசத்தின் பாத்திரங்கள் பெங்களூர், மைசூர் வீடுகளில் பேசும் கன்னடத்தையே பேசின. சமையல் அறையில் ஒரு பேச்சு, வக்கீல் நண்பர்களோடு ஒரு பேச்சு, வேலைக்காரனிடம் ஒரு பேச்சு. படித்தவர்கள் பேச்சில் பாதிக்குப் பாதி இங்கிலீஷ் வரும். அதுவும் அப்படியே மேடையில் வந்தது. இங்கிலீஷ் வார்த்தைக்குக் கன்னட வால் ஒட்டிப் பேசும் பாத்திரங்களைப் பார்த்து, அப்படியே பேசுகிறவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

இது மொழியைக் கெடுக்கிறது என்று பண்டிதர்கள் கடிந்துகொண்டார்கள். ஆனால் நடிப்பவனுக்கு வசனம் மனப்பாடம் ஆவதற்கு முன்பே நாக்கில் வந்துவிட்டது. தமிழில் பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' எப்படிப் படித்த ஜமீன்தார் வீட்டு வேடிக்கையைக் காட்டியதோ, அப்படிக் கன்னடத்தில் நடுத்தர வீட்டு வேடிக்கையைக் கைலாசம் காட்டினார்.

ஊரைப் பாட வைத்த பாட்டுகள்

கம்பெனி நாடகத்தின் ஓயாத பாட்டை அவர் கேலி செய்தார் என்பதால், பாட்டுக்கு விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டை அவர் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார். லண்டனில் கேட்ட மெட்டுகளைக் கன்னட நாட்டுப்புறத்துக்கு இறக்கிவிட்டார்.

அவற்றில் மிகவும் பேர்போனது 'கோளிகே ரங்க'. ஒரு நகரத்தின் பெயரை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பாடும் ஆங்கில வேடிக்கைப் பாட்டு ஒன்று அந்நாளில் பிரபலம். அந்த மெட்டை எடுத்துக்கொண்டு, ரங்கன் என்ற பட்டிக்காட்டான் தன் பெயரைத் திண்ணைப் பள்ளிக்கூடப் பாணியில், இந்த எழுத்துக்கு இந்தக் கொம்பு, இந்தக் கால் என்று எழுத்துக் கூட்டிச் சொல்வதாகக் கைலாசம் அமைத்தார். வேகமாகப் பாடினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். தப்பில்லாமல் பாடி முடித்தால் கைதட்டல். தப்பினால் அதைவிடப் பெரிய சிரிப்பு. சங்கீதம் தெரியாதவனும் பாடலாம். அமெச்சூர் நடிகனுக்கு இதைவிடத் தோதான பாட்டு கிடைக்காது.

இன்னொன்று திப்பாரஹள்ளிப் பாட்டு. முதல் உலகப் போரில் ஆங்கிலச் சிப்பாய்கள், டிப்பரேரி என்ற ஊர் வெகு தொலைவில் இருக்கிறது என்ற கருத்தில் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே அணிவகுத்தார்கள். அயர்லாந்து நாட்டு டிப்பரேரி, கைலாசத்தின் கையில் மைசூர்ச் சீமையின் திப்பாரஹள்ளியாகிவிட்டது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஊரை விட்டு வந்து பிழைக்கிறவன் கேட்டால், சிரித்து முடித்தபின் கொஞ்சம் நெஞ்சை அடைக்கும். ஊர் தொலைவு என்பது எந்த மொழியில் பாடினாலும் ஒரே வலிதான்.

எழுதாத எழுத்தாளர்

கைலாசம் பேனா பிடித்து உட்கார்ந்து எழுதுகிறவர் அல்ல. நாடகம் முழுவதும் அவர் தலைக்குள் இருக்கும். நண்பர்கள் கூடினால், எல்லாப் பாத்திரங்களின் குரலையும் தாமே மாற்றி மாற்றிப் பேசி நடித்துக் காட்டுவார். கிழவியாகவும், வக்கீலாகவும், பத்து வயதுப் பையனாகவும் நொடிக்கு நொடி மாறுவார். சிகரெட் கையை விட்டு இறங்காது. பக்கத்தில் இருக்கும் இளைஞர்கள் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதப்பட்டவைதான் இன்று புத்தகமாக இருக்கும் நாடகங்களில் பெரும்பகுதி. எழுதிக்கொள்ள ஆள் இல்லாத இரவுகளில் அவர் சொன்னவை காற்றோடு போயின.

அவர் வாழ்ந்த விதமும் இப்படித்தான். பெரிய வீட்டுப் பிள்ளை. ஆனால் ஒழுங்கில்லாத அறையில், நேரம் காலம் இல்லாத வாழ்க்கை. குடிப்பழக்கமும் இருந்தது. பணத்தைச் சேர்க்கத் தெரியாதவர். புகழ் வளர்ந்துகொண்டே போனது; கையிருப்பு வளரவில்லை. உத்தியோகத்தை விட்டவரின் குடும்பம் பட்ட கஷ்டத்தை எந்தக் கைதட்டலும் ஈடு செய்திருக்காது. கலைக்காக வேலையை விடுவது கதையில் கேட்க நன்றாக இருக்கும். அதன் விலையை வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்துதான் கொடுக்கிறார்கள். கைலாசத்தைப் போற்றுகிறவர்கள் இதையும் மறைப்பதில்லை.

கண்ணீருக்கு வேறு மொழி

கன்னடத்தில் சிரிக்க வைத்தவர், ஆங்கிலத்தில் வேறொரு மனிதராக இருந்தார். அங்கே எல்லாம் புராணப் பாத்திரங்கள், எல்லாம் துயரம். 'தி பர்டன்', 'ஃபுல்ஃபில்மென்ட்', 'தி பர்ப்பஸ்', 'கர்ணன்', 'கீசகன்' ஆகியவை அவருடைய ஆங்கில நாடகங்கள். ஏகலைவன் மீது அவருக்குத் தனிப் பற்று. குருவுக்குக் கட்டை விரலை வெட்டிக் கொடுத்த வேடுவச் சிறுவனை வைத்து இரண்டு நாடகங்கள் செய்தார். கர்ணனும் அப்படித்தான், திறமை இருந்தும் பிறப்பாலும் சாபத்தாலும் தோற்றவன்.

வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள், திறமை வீணானவர்கள், ஊர் ஒதுக்கியவர்கள் ஆகியோரைத்தான் அவர் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. போலி கிட்டியும் ஏகலைவனும் ஒரே வம்சம். ஒருவனைச் சிரிப்போடு சொன்னார். ஒருவனைக் கண்ணீரோடு சொன்னார்.

சென்னையில் கிடைத்த சிம்மாசனம்

கன்னட இலக்கிய உலகின் மிகப் பெரிய மரியாதை, கன்னட சாகித்திய சம்மேளனத்துக்குத் தலைமை தாங்குவது. அதை நடத்தும் கன்னட சாகித்திய பரிஷத் 1915-ல், கைலாசம் இங்கிலாந்திலிருந்து திரும்பிய அதே ஆண்டில் தோன்றியது. 1945-ம் ஆண்டு சம்மேளனத்துக்கு அவர் தலைவரானார். கொச்சைப் பேச்சையும் கலப்பு மொழியையும் மேடையேற்றியவர் என்று குறை கூறப்பட்டவரையே கன்னட இலக்கியம் தன் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தது.

அந்தச் சம்மேளனம் நடந்த இடம் சென்னை. தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, சென்னையில் மாணவராக இருந்தவர், அதே சென்னையில் கன்னடத்தின் பிரதிநிதியாக மாலை ஏற்றார். இப்படி ஒரு காட்சியை அவரே நாடகத்தில் வைத்திருந்தால், நம்ப முடியவில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

அடுத்த ஆண்டு, 1946-ல், பெங்களூரில் கைலாசம் காலமானார். வயது 62. சுதந்திர இந்தியாவைப் பார்க்க அவர் இல்லை.

விட்டுச் சென்றது

கைலாசம் இதில் தனி மனிதர் அல்ல. வீட்டில் தமிழ் பேசியபடி கன்னட இலக்கியத்தில் சிகரம் தொட்டவர்கள் பலர். 1983-ம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், மேலுகோட்டைக் கவிஞர் பு.தி.நரசிம்மாச்சார் ஆகியோரும் அந்த வரிசையில் வருகிறார்கள். தாய்மொழியை மறந்தால்தான் இன்னொரு மொழி வரும் என்பதில்லை என்பதற்கு இவர்கள் சாட்சி. கன்னட மக்களும் இவர்கள் வீட்டில் என்ன மொழி என்று கேட்டுத் தள்ளி வைக்கவில்லை. கன்னடத்துக்கு ஒரே ஒரு கைலாசம்தான் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

சுமார் இருபது கன்னட நாடகங்கள், சில ஆங்கில நாடகங்கள், ஒரு கைப்பிடி வேடிக்கைப் பாட்டுகள். அவர் விட்டுச் சென்ற சொத்து இவ்வளவுதான். ஆனால் அந்தச் சொத்துக்கு வாரிசுகள் ஏராளம். கல்லூரி ஆண்டு விழாவிலும், அலுவலக மனமகிழ் மன்றத்திலும், பேட்டைக் கலைக் கழகத்திலும், வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்க்கும் ஒவ்வொரு அமெச்சூர் நடிகரும் அவர் வாரிசுதான்.

கன்னடம் பாதி புரிந்தால்கூடப் போதும். கைலாசம் நாடகம் எங்கேனும் நடந்தால் ஒரு மாலை போய்ப் பார்க்கலாம். பெரும்பாலானவை நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிற கதைகள். மார்க் வாங்காத பிள்ளை, ஜம்பம் அடிக்கும் உறவினர், சீர்வரிசைப் பேரம் ஆகிய எல்லாம் அங்கே உண்டு. பாதிப் பேச்சு காதுக்குப் புரியும். மீதி, பக்கத்து இருக்கைக்காரர் சிரிக்கும்போது தானே புரிந்துவிடும்.